மூடிய மூலக் கருனிக் கூறுகளின் நினைவக ஒதுக்கீட்டைத் தடமறிதல்

மூடிய மூலக் கருனிக் கூறுகளின் நினைவக ஒதுக்கீட்டைத் தடமறிதல் என்பது, மூல நிரல் வெளியிடப்படாத ஒரு கருனிக் கூறு கருனியிடமிருந்து எவ்வளவு நினைவகத்தைப் பெறுகிறது, தன் நிரலின் எப்பகுதியிலிருந்து கேட்டுப் பெறுகிறது, பெற்றதைத் திருப்பித் தருகிறதா என்பவற்றை அறிய உதவும் வழுநீக்க முறைகளின் தொகுப்பாகும். கூறின் உட்புறம் மூடப்பட்டிருந்தாலும், நினைவகம் பெறுவதற்கு அது கருனியின் சார்புகளையே அழைத்தாக வேண்டும் என்பதே இம்முறைகளின் அடிப்படை. கருனியின் மூல நிரல் திறந்திருக்கும்போது, அச்சார்புகளின் வாயிலில் வருவதையும் போவதையும் எவரும் கணக்கெடுக்கலாம். இக்கட்டுரை பெரும்பாலும் லினக்ஸ் கருனியில் உள்ள முறைகளை விளக்குகிறது.

பின்னணி

கருனி என்பது வன்பொருளுக்கும் பயன்பாட்டு மென்பொருள்களுக்கும் இடையில் இயங்கும் இயக்குதளத்தின் மையப் பகுதியாகும். லினக்ஸ் கருனியை லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டார். கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே கருனியுடன் இணைக்கவும் நீக்கவும் கூடிய நிரல் பகுதி கருனிக் கூறு எனப்படும். வரைவியல் அட்டை, கம்பியில்லா வலையட்டை முதலிய சாதனங்களுக்கான இயக்கிகள் பெரும்பாலும் கூறுகளாகவே வழங்கப்படுகின்றன.

பயனர் வெளியில் இயங்கும் ஒரு மென்பொருள் நினைவகத்தைப் பெற்றுத் திருப்பித் தர மறந்தால், அம்மென்பொருள் முடிவடையும்போது கருனி அந்நினைவகம் முழுவதையும் மீட்டுக்கொள்ளும். கருனிக் கூறுக்கு இத்தகைய பாதுகாப்பு இல்லை. கூறினை நீக்கும்போது அதன் நிரலும் நிலையான தரவும் இருந்த இடம் மட்டுமே மீட்கப்படும். கூறு இயங்கும்போது கேட்டுப் பெற்று, திருப்பித் தராமல் விட்ட நினைவகம் கணினியை மறுதொடக்கம் செய்யும் வரை எவருக்கும் பயன்படாமல் கிடக்கும். இதுவே கருனி நினைவகக் கசிவு எனப்படுகிறது.

கசிவின் அளவு சிறிதாக இருப்பினும் விளைவு பெரிதாகலாம். எடுத்துக்காட்டாக, ஒரு வலையட்டை இயக்கி தான் பெறும் ஒவ்வொரு தரவுப் பொதிக்கும் 256 பைட்டுகளை விடுவிக்க மறப்பதாகக் கொள்வோம். நொடிக்கு 100 பொதிகள் வந்தால் நொடிக்கு 25,600 பைட்டுகள் இழக்கப்படும். ஒரு நாளில் உள்ள 86,400 நொடிகளில் இவ்விழப்பு 221 கோடி பைட்டுகளைத் தாண்டும். அதாவது ஏறத்தாழ 2.2 கிகாபைட்டு. 4 கிகாபைட்டு நினைவகம் கொண்ட கணினி இரண்டு நாட்களுக்குள் செயலிழக்கும். அவ்வேளையில் கருனி, நினைவகம் போதாமையால் பயனர் மென்பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்தத் தொடங்கும். பழி அம்மென்பொருள்களின் மீது விழுமேயன்றி, உண்மையான காரணம் வெளித்தெரியாது.

மூடிய மூலக் கூறுகள்

திறந்த மூலக் கூறு ஒன்றில் கசிவு ஏற்பட்டால், அதன் மூல நிரலைப் படித்து வழுவைத் திருத்தலாம். மூடிய மூலக் கூறு இருமக் கோப்பாக மட்டுமே கிடைப்பதால் இது இயலாது. அதனை உருவாக்கிய நிறுவனம் மட்டுமே திருத்த முடியும். அந்நிறுவனத்தை ஏற்கச் செய்வதற்குச் சான்று தேவை. தடமறிதல் இச்சான்றைத் தருகிறது.

ஒவ்வொரு கூறும் தன் உரிமத்தைக் கருனிக்கு அறிவிக்கும் வழக்கம் 2001-இல் லினக்ஸ் 2.4 வரிசையில் தொடங்கியது. பொது உரிமத்துடன் ஒத்துப்போகாத கூறு ஏற்றப்பட்டால், கருனி தன்னைக் "கறைபட்டது" எனக் குறித்துக்கொள்ளும். இக்கறை அடுத்த மறுதொடக்கம் வரை நீங்காது. கறைபட்ட கருனியிலிருந்து வரும் வழு அறிக்கைகளைக் கருனி உருவாக்குநர்கள் பொதுவாக ஏற்பதில்லை. அக்கூறு இல்லாத நிலையிலும் வழு தோன்றுகிறதா எனச் சோதிக்குமாறு கேட்பர். இதனால் மூடிய கூறின் பயனர் இரு தரப்பினருக்கும் இடையில் சிக்கிக்கொள்கிறார்.

இத்தகைய கூறுகள் பல இரண்டு பகுதிகளைக் கொண்டவை. ஒரு பகுதி மூடிய இருமம். மற்றொன்று மூல நிரலாகவே வழங்கப்படும் மெல்லிய இடைப்படலம். இது பயனரின் கணினியில் அங்குள்ள கருனிப் பதிப்புக்கு ஏற்பத் தொகுக்கப்படும். கருனியின் உட்கட்டமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் இந்த ஏற்பாடு தேவைப்படுகிறது. என்விடியா நிறுவனத்தின் வரைவியல் அட்டை இயக்கியும், பிராட்காம் நிறுவனத்தின் கலப்பு வகைக் கம்பியில்லா வலையட்டை இயக்கியும் இம்முறையில் அமைந்தவை. என்விடியா நிறுவனம் 2022 மே மாதத்தில் டூரிங் வகை மற்றும் அதற்குப் பிந்தைய அட்டைகளுக்கான கருனிக் கூறுகளின் மூல நிரலை வெளியிட்டது.

இடைப்படலம் தடமறிதலுக்கு உதவியாகவும் இடையூறாகவும் அமைகிறது. மூடிய பகுதியின் நினைவக வேண்டுகோள்கள் அனைத்தும் பொதுவாக இடைப்படலத்தின் சில சார்புகள் வழியாகவே செல்வதால், அச்சார்புகளில் கணக்கெடுக்கும் வரிகளைச் சேர்த்து மீண்டும் தொகுக்கலாம். ஆனால் கருனியின் கண்ணுக்கு அனைத்து வேண்டுகோள்களும் அந்த ஓரிரு சார்புகளிலிருந்தே வருவதாகத் தோன்றும். அவற்றுக்கு அப்பால் உள்ள உண்மையான அழைப்பாளரை அறிய அழைப்பு அடுக்கில் மேலும் ஒரு படி பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

கருனியில் நினைவகம் ஒதுக்கப்படும் வழிகள்

ஒரு கூறு நினைவகம் பெறக்கூடிய வழிகள் பலவாகும். ஒன்றை மட்டும் கவனித்தால் மற்றவற்றின் வழியே செல்லும் ஒதுக்கீடு தப்பிவிடும்.

பக்க ஒதுக்கீடு: நினைவகத்தின் அடிப்படை அலகு பக்கம் ஆகும். எக்ஸ்86 வகைச் செயலிகளில் ஒரு பக்கத்தின் வழக்கமான அளவு 4 கிலோபைட்டு. கூறு 1, 2, 4, 8 என இரண்டின் அடுக்குகளாகப் பக்கங்களை நேரடியாகக் கேட்டுப் பெறலாம். இவ்வாறு பெறப்பட்ட பக்கங்கள் கருனியின் பொது நினைவக அறிக்கையில் எந்தத் தனித் தலைப்பின் கீழும் காட்டப்படாமல் போகக்கூடும்.

ஸ்லாப் ஒதுக்கீடு: சிறிய துண்டுகளுக்காகப் பக்கங்களை ஒரே அளவுள்ள அறைகளாகப் பிரித்து வழங்கும் முறை. இதனை ஜெஃப் போன்விக் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் உருவாக்கி 1994-இல் விளக்கினார். லினக்சில் கிறிஸ்டோஃப் லாமீட்டர் எழுதிய ஸ்லப் என்னும் வடிவம் 2007-இல் சேர்க்கப்பட்டது. பழைய ஸ்லாப் வடிவம் 2024-இல் நீக்கப்பட்ட பின் ஸ்லப் மட்டுமே எஞ்சியுள்ளது.

கேமல்லாக்: கூறுகள் மிகுதியாகப் பயன்படுத்தும் பொது ஒதுக்கீட்டுச் சார்பு. இது 8, 16, 32, 64, 96, 128, 192, 256 எனச் செல்லும் அறை அளவுகளில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கிறது. 130 பைட்டு கேட்டால் 192 பைட்டு அறை கிடைக்கும். இத்தகைய 10,000 வேண்டுகோள்களில் கேட்டது 13,00,000 பைட்டு. செலவானது 19,20,000 பைட்டு. எனவே கேட்ட அளவு, கொடுத்த அளவு இரண்டையும் தனித்தனியே பதிவு செய்வது அவசியமாகும்.

விமல்லாக்: முகவரி வெளியில் தொடர்ச்சியாகத் தோன்றினும் உண்மையான நினைவகத்தில் சிதறியிருக்கக்கூடிய பக்கங்களைத் தரும் சார்பு. பெரிய இடையகங்களுக்கு இது பயன்படுகிறது.

சாதனங்களுக்கான ஒதுக்கீடு: செயலியின் துணையின்றிச் சாதனமே நேரடியாகப் படித்து எழுதும் நினைவகப் பகுதி. இதற்கெனத் தனிச் சார்புகள் உள்ளன.

மறைமுக ஒதுக்கீடு: வலைப்பொதிக்கான இடையகம், யுஎஸ்பி வேண்டுகோள் போன்ற பொருட்களைக் கூறு கேட்கும்போது, அவற்றுக்கான நினைவகத்தைக் கருனியின் வேறொரு பகுதி கூறின் சார்பாகப் பெற்றுத் தருகிறது.

தடமறிதலின் அடிப்படை

கூறுக் கோப்பு தன்னளவில் முழுமையானதன்று. அது அழைக்கும் கருனிச் சார்புகளின் பெயர்கள் அக்கோப்பில் "வரையறுக்கப்படாத குறியீட்டுப் பெயர்கள்" என்ற பட்டியலில் இடம்பெறும். கூறு ஏற்றப்படும்போது கருனி அப்பெயர்களைத் தன் ஏற்றுமதிப் பட்டியலுடன் ஒப்பிட்டு முகவரிகளை நிரப்புகிறது. மூல நிரலை மறைத்த நிறுவனம் கூறின் உட்பெயர்களை நீக்கிவிடலாம். ஆனால் இப்பெயர்களை நீக்கினால் கூறினை இணைக்கவே முடியாது. ஆகவே, இருமக் கோப்பின் பெயர்ப் பட்டியலைக் காட்டும் என்எம் போன்ற ஒரு கருவியைக் கொண்டு, அக்கூறு எந்த ஒதுக்கீட்டுச் சார்புகளை அழைக்கக்கூடும் என்பதை அதனை ஏற்றுவதற்கு முன்பே அறியலாம்.

அடுத்ததாக, ஓர் ஒதுக்கீடு எக்கூறுக்கு உரியது என அறிதல் வேண்டும். ஒரு சார்பு அழைக்கப்படும்போது, பணி முடிந்ததும் எங்குத் திரும்ப வேண்டும் என்ற முகவரி அழைப்பு அடுக்கில் வைக்கப்படுகிறது. ஏற்றப்பட்ட ஒவ்வொரு கூறும் நினைவகத்தில் எந்த முகவரியில் தொடங்குகிறது, எவ்வளவு நீளமுடையது என்பதைக் கருனி முதன்மைப் பயனருக்குக் காட்டுகிறது. திரும்பும் முகவரி அவ்வெல்லைக்குள் அமைந்தால், அவ்வேண்டுகோள் அக்கூறிலிருந்து வந்தது எனலாம். மறைமுக ஒதுக்கீடுகளில் முதல் முகவரி கருனியின் பிற பகுதியைக் காட்டும் என்பதால், அடுக்கு முழுவதையும் பதிவு செய்து அதில் எங்கேனும் கூறின் முகவரி உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

முறைகள்

மொத்தக் கணக்கு

முதல் படி, கருனி எப்போதும் வைத்திருக்கும் மொத்தக் கணக்கைப் பார்ப்பதாகும். ஸ்லாப் அறைகளின் எண்ணிக்கை, மீட்க இயலாத ஸ்லாப் நினைவகத்தின் அளவு, விமல்லாக் பயன்பாடு ஆகியவை ப்ராக் கோப்பகத்தில் உள்ள கோப்புகளில் கிடைக்கும். இவற்றுள் விமல்லாக் பட்டியல் சிறப்பானது: ஒவ்வொரு பகுதியின் அளவுடன், அதனைக் கேட்ட சார்பின் பெயரையும் அது சார்ந்த கூறின் பெயரையும் காட்டுகிறது. ஸ்லாப் கணக்கில் அறை அளவுகள் மட்டுமே தெரியும்; யார் பெற்றது என்பது தெரியாது. மேலும் ஒத்த அளவுள்ள அறைத்தொகுதிகளைக் கருனி ஒன்றாக இணைத்துவிடுவதால், கூறு தனக்கெனப் பெயரிட்டு உருவாக்கிய தொகுதியும் பட்டியலில் காணாமல் போகலாம். தொடக்க வேளையில் இவ்விணைப்பைத் தடுக்கும் விருப்பத்தேர்வு உண்டு.

தடப்புள்ளிகள்

கருனியின் நிரலில் முன்கூட்டியே பதிக்கப்பட்ட பதிவிடங்கள் தடப்புள்ளிகள் எனப்படும். ஒதுக்கீட்டுக்கும் விடுவிப்புக்குமான தடப்புள்ளிகள் 2009 அளவில் சேர்க்கப்பட்டன. கேமல்லாக் தடப்புள்ளி ஒவ்வொரு முறையும் திரும்பும் முகவரி, கொடுக்கப்பட்ட நினைவகத்தின் முகவரி, கேட்ட அளவு, கொடுத்த அளவு ஆகியவற்றைப் பதிவு செய்கிறது. இவற்றை ஸ்டீவன் ரோஸ்டெட் உருவாக்கி 2008-இல் கருனியில் இடம்பெற்ற எஃப்டிரேஸ் வழியாகவோ, பெர்ஃப் கருவி வழியாகவோ படிக்கலாம். 2016 முதல், ஒவ்வொரு அழைப்பிடத்திலிருந்தும் வந்த மொத்த பைட்டுகளைக் கருனிக்குள்ளேயே கூட்டி அட்டவணையாகத் தரும் வசதியும் உள்ளது.

ஆய்வுமுனைகள்

தடப்புள்ளி இல்லாத இடத்தில் ஆய்வுமுனையைப் பொருத்தலாம். கேபுரோப்ஸ் எனப்படும் இம்முறை, இயங்கும் கருனியின் கிட்டத்தட்ட எந்தக் கட்டளையின் மீதும் நிறுத்தப்புள்ளி ஒன்றை வைக்கிறது. செயலி அவ்விடத்தை அடைந்ததும் ஆய்வாளரின் நிரல் இயங்கி, பதிவேடுகளில் உள்ள மதிப்புகளைக் குறித்துக்கொள்ளும். பின்னர் மூலக் கட்டளை நிறைவேற்றப்பட்டு இயக்கம் தொடரும். கூறினையோ கருனியையோ மீண்டும் தொகுக்கத் தேவையில்லை. மூடிய கூறின் உட்சார்புகளிலும், அவற்றின் பெயர்கள் நீக்கப்படாமல் இருப்பின், ஆய்வுமுனையைப் பொருத்தலாம்.

கேமல்லாக் என்ற பெயரில் ஆய்வுமுனை வைக்க முயல்வோர் பெரும்பாலும் ஏமாற்றமடைவர். கேமல்லாக் அழைப்பிடத்திலேயே விரிக்கப்படும் சார்பாகும். தொகுக்கும் வேளையில் அது வேறு உட்சார்புகளுக்கான அழைப்பாக மாறிவிடும். அவ்வுட்சார்புகளின் பெயர்களும் பதிப்புக்குப் பதிப்பு மாறியுள்ளன. எனவே கூறுக் கோப்பில் உள்ள பெயர்ப் பட்டியலைக் கொண்டே ஆய்வுமுனைக்கான இடங்களைத் தேர்ந்தெடுத்தல் நன்று.

2014-இல் கருனியில் சேர்ந்த விரிவாக்கப்பட்ட பிபிஎஃப் இயங்குபொறி, 2015 முதல் ஆய்வுமுனைகளுடன் இணைந்து இயங்குகிறது. ஒவ்வொரு நிகழ்வையும் பயனர் வெளிக்கு அனுப்பாமல், விடுவிக்கப்படாத ஒதுக்கீடுகளை மட்டும் கருனிக்குள்ளேயே அட்டவணைப்படுத்தி வைக்க இது இடமளிக்கிறது. பிசிசி தொகுப்பிலுள்ள மெம்லீக் கருவி இவ்வாறு இயங்குவதாகும்.

கேமெம்லீக்

கேட்டலின் மரினாஸ் எழுதிய கேமெம்லீக் 2009-இல் லினக்ஸ் 2.6.31 பதிப்பில் இடம்பெற்றது. இது ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் அழைப்பு அடுக்குடன் குறித்துவைத்து, வழமையாக 10 நிமிடங்களுக்கு ஒருமுறை நினைவகத்தை வருடிப் பார்க்கிறது. ஒரு துண்டின் முகவரி எங்குமே காணப்படவில்லையெனில், அதனை விடுவிக்கக்கூடியவர் எவருமில்லை எனக் கொண்டு கசிவாக அறிவிக்கிறது. ஒதுக்கீட்டுச் சார்புகளுக்குள்ளேயே இது பொருத்தப்பட்டிருப்பதால் மூடிய கூறுகளுக்கும் பொருந்தும். எனினும் நேரடிப் பக்க ஒதுக்கீடுகளை இது கண்காணிப்பதில்லை. ஆகவே, ஒரு துண்டின் முகவரியை அத்தகைய பக்கத்தில் மட்டும் எழுதிவைக்கும் கூறின் மீது தவறான குற்றச்சாட்டு எழக்கூடும். மறுபுறம், பட்டியல் ஒன்றில் சேர்த்துக்கொண்டே சென்று ஒருபோதும் விடுவிக்காத துண்டுகளை இது கசிவாகக் கருதாது.

பக்க உரிமையாளர் பதிவு

2015-இல் வெளியான லினக்ஸ் 3.19 பதிப்பு முதல், ஒவ்வொரு பக்கமும் எந்த அழைப்பு அடுக்கின் வழியே பெறப்பட்டது எனப் பதிவு செய்யும் வசதி உள்ளது. கேமெம்லீக் விட்டுவிடும் நேரடிப் பக்க ஒதுக்கீடுகளை இதன் மூலம் அறியலாம். இவ்வசதியுடன் தொகுக்கப்பட்ட கருனியில், தொடக்க வேளையில் இதனை இயக்க வேண்டும்.

ஒதுக்கீட்டு விவரக்கணக்கு

2024-இல் வெளியான லினக்ஸ் 6.10 பதிப்பில், மூல நிரலின் எந்த வரி எவ்வளவு நினைவகத்தை வைத்துள்ளது எனக் காட்டும் வசதி சேர்க்கப்பட்டது. இதன் கணக்கு தொகுக்கும் வேளையில் ஒவ்வொரு அழைப்பிடத்திலும் பதிக்கப்படுவதாகும். முன்பே தொகுக்கப்பட்ட மூடிய இருமத்தில் அப்பதிவு இராது. அதன் ஒதுக்கீடுகள் அனைத்தும் இடைப்படலத்தின் ஒரே வரியின் பெயரில் சேரும். கசிவு உண்டா என அறிய இது போதுமானது. எங்கு என அறியப் போதாது.

வேண்டுமென்றே மறுத்தல்

2007 முதல் கருனியில் உள்ள பிழை புகுத்தும் வசதி, தேர்ந்தெடுத்த வேண்டுகோள்களுக்கு நினைவகம் இல்லை என விடையளிக்கச் செய்கிறது. அழைப்பு அடுக்கில் குறிப்பிட்ட முகவரி எல்லை இருந்தால் மட்டும் மறுக்குமாறு அமைக்கலாம் என்பதால், ஒரே ஒரு கூறினை இலக்காகக் கொள்ள முடியும். கசிவுகள் பலவும் இத்தகைய தோல்வியைக் கையாளும் நிரற்பகுதிகளிலேயே மறைந்திருக்கும்.

இந்தியப் பங்களிப்பு

தடமறிதலுக்கு அடிப்படையான கருவிகளின் உருவாக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தின் இந்தியப் பிரிவைச் சேர்ந்த பொறியாளர்களுக்கு முக்கியப் பங்குண்டு. ஓஎஸ்/2 இயக்குதளத்தில் இருந்த தடமறி வசதியைத் தழுவி ஐ.பி.எம். நிறுவனம் லினக்சுக்கென டிபுரோப்ஸ் என்னும் தொகுப்பை உருவாக்கியது. அதன் சிறிய மையப் பகுதியே கேபுரோப்ஸ் ஆயிற்று. இதன் தொடக்க வடிவத்தை 2002-இல் வம்சி கிருஷ்ணா எழுதினார். 2004-இல் சுபர்ணா பட்டாச்சார்யா, சார்பொன்றின் உள்ளீடுகளைப் படிக்கும் ஜேபுரோப்ஸ் முறையைச் சேர்த்தார். அதே ஆண்டில் பிரசன்னா பஞ்சமுகி இதனை மேம்படுத்தினார், லினக்ஸ் 2.6.9 பதிப்பில் கேபுரோப்ஸ் இடம்பெற்றது. 2005-இல் ஹியன் நுயென், ஜிம் கெனிஸ்டன், பிரசன்னா ஆகியோர் சார்பு திரும்பும்போது இயங்கும் ஆய்வுமுனையைச் சேர்த்தனர். ஒதுக்கீட்டுச் சார்பு திருப்பித் தரும் முகவரியை அறிய இதுவே தேவைப்படுகிறது. இக்குழுவினருள் அனந்த் மாவினகாயனஹள்ளி உள்ளிட்டோர் 2006-இல் ஒட்டாவா லினக்ஸ் கருத்தரங்கில் கேபுரோப்சின் உட்செயல்பாட்டை விளக்கினர். மசாமி ஹிரமட்சு பின்னர் இதன் வேகத்தைக் கூட்டினார். ஜேபுரோப்ஸ் 2018-இல் கருனியிலிருந்து நீக்கப்பட்டது.

கருனி செயலிழக்கும்போது நினைவகத்தின் படியை எடுத்து வைக்கும் கேடம்ப் என்னும் வசதியை விவேக் கோயல், எரிக் பீடர்மன், ஹரிபிரசாத் நெல்லிதீர்த்தா ஆகியோர் 2005-இல் விளக்கினர். கசிவினால் கணினி முடங்கிய பின்னரும், எஞ்சிய துண்டுகளின் உள்ளடக்கத்தைப் படித்து அவை எவ்வகைத் தரவு என ஊகிக்க இது உதவுகிறது.

செய்முறை வரிசை

நடைமுறையில் தடமறிதல் பின்வரும் வரிசையில் நிகழ்கிறது:

1. கூறு ஏற்றப்படாத நிலையில் மொத்த நினைவகக் கணக்கைக் குறித்துக்கொள்ளல். பின்னர் கூறினை ஏற்றி, ஒரே வகைப் பணியைப் பலமுறை செய்வித்து, கணக்கு பணியின் எண்ணிக்கைக்கு ஏற்ப வளர்கிறதா எனப் பார்த்தல்.
2. வளர்வது ஸ்லாப் பகுதியா, விமல்லாக் பகுதியா, பெயரற்ற பக்கங்களா எனப் பிரித்தறிதல்.
3. கூறுக் கோப்பின் வரையறுக்கப்படாத பெயர்களைப் பட்டியலிட்டு, அதற்குரிய ஒதுக்கீட்டு, விடுவிப்புச் சார்புகளைத் தேர்ந்தெடுத்தல்.
4. அழைப்பு அடுக்குடன் தடப்பதிவை இயக்குதல்.
5. ஒதுக்கீடுகளை முகவரி எல்லையைக் கொண்டு வடிகட்டல். விடுவிப்புகளை வடிகட்டாமல் முழுவதும் பதிவு செய்தல்.
6. நேர வரிசைப்படி ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் அதே முகவரியின் அடுத்த விடுவிப்புடன் இணைத்தல். இணையில்லாமல் எஞ்சுபவற்றை அழைப்பிடவாரியாகக் கூட்டுதல்.

ஐந்தாம் படி பலரும் தவறும் இடமாகும். இயக்கி பெற்ற வலைப்பொதி இடையகத்தைப் பொதுவாக விடுவிப்பது இயக்கியன்று. கருனியின் வலையமைப்புப் பகுதி ஆகும். கூறு செய்த விடுவிப்புகளை மட்டும் எண்ணினால், ஒழுங்காக இயங்கும் இயக்கியும் கசிவதாகத் தோன்றும். ஆறாம் படியில் நேர வரிசை தேவைப்படுவதற்குக் காரணம், விடுவிக்கப்பட்ட முகவரியைக் கருனி உடனடியாக வேறொருவருக்கு வழங்கக்கூடும் என்பதே.

வரம்புகள்

தடப்பதிவு முடிவுகளை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும்.

நிகழ்வுகள் மிகுதியாகும்போது பதிவு இடையகம் நிரம்பிச் சில பதிவுகள் இழக்கப்படும். இழந்தது விடுவிப்புப் பதிவெனில் இல்லாத கசிவு தோன்றும். குறுக்கீட்டின்போது நிகழும் ஒதுக்கீட்டில், அவ்வேளையில் தற்செயலாக இயங்கிக்கொண்டிருந்த மென்பொருளின் பெயரே பதிவாகக்கூடும். அதற்கும் கசிவுக்கும் தொடர்பில்லை. உட்பெயர்கள் நீக்கப்பட்ட கூறில், முகவரிக்கு அருகில் எஞ்சியுள்ள பெயரைக் கருவிகள் காட்டும். பெயருக்கும் முகவரிக்கும் இடையிலான தொலைவு மிகப் பெரிதெனில் அப்பெயரை நம்பலாகாது. மூடிய இருமத்தில் அடுக்கைப் பின்தொடரத் தேவையான தகவல் இல்லாதபோது அழைப்புத் தொடர் பாதியில் முறியும்.

கூறு ஒரே முறையில் பெரும் பகுதியைப் பெற்று, அதனைத் தனக்குள் தானே பங்கிட்டுக்கொண்டால், உள்ளே நிகழும் கசிவை வாயிலிலிருந்து காண இயலாது. அப்பகுதி மேலும் பெரிதாகும்போது மட்டுமே தெரியவரும். சாதனத்தின் உள்ளே இயங்கும் நிலைபொருள் தன் சொந்த நினைவகத்தில் செய்வதையும் இம்முறைகள் காட்டா.

நினைவகத்தைத் தவறாக அணுகுவதைக் கண்டறியும் கேசான், தொகுக்கும் வேளையில் சோதனைக் கட்டளைகளைச் செருகுவதால், மூடிய இருமத்தின் உள்ளே நிகழும் அணுகல்களைப் பார்ப்பதில்லை. 2021-இல் வந்த கேஃபென்ஸ், காவல் பக்கங்களை வைத்துச் செயலியின் பக்கப் பிழையைக் கொண்டு பிடிப்பதால் மூடிய கூறுகளுக்கும் பொருந்தும். ஆனால் ஒதுக்கீடுகளில் சில மாதிரிகளை மட்டுமே கண்காணிக்கும். 2019 முதல் உள்ள கருனிப் பூட்டு வசதி இரகசியக் காப்பு நிலையில் இயக்கப்பட்டிருந்தால் ஆய்வுமுனைகளைப் பொருத்த இயலாது.

பிற இயக்குதளங்களில்

விண்டோஸ் இயக்குதளத்தில் இயக்கிகள் பெரும்பாலும் மூடியவை என்பதால், ஒதுக்கீட்டு முறையிலேயே அடையாளம் சேர்க்கப்பட்டுள்ளது. இயக்கி ஒவ்வொரு வேண்டுகோளுடனும் நான்கு எழுத்துக் குறிச்சொல் ஒன்றை இணைக்கிறது; பூல்மான் கருவி குறிச்சொல்வாரியாகக் கணக்கைக் காட்டுகிறது. விண்டோஸ் 2000 முதல் உள்ள இயக்கி சரிபார்ப்பி, நினைவகத்தை விடுவிக்காமல் இயக்கி நீங்கினால் கணினியை நிறுத்தி, அவ்வியக்கியின் பெயரை அறிவிக்கிறது. சோலாரிஸ் 10 இயக்குதளத்துடன் 2005-இல் வந்த டிடிரேஸ், இயங்கும் கருனியில் பாதுகாப்பாக ஆய்வுமுனைகளைப் பொருத்தும் முறையைப் பரவலாக்கியது.

சட்ட நிலை

மூடிய கூறின் இருமத்தைப் பிரித்துப் பார்ப்பதைப் பல உரிமங்கள் தடைசெய்கின்றன. வாயிலில் நின்று கணக்கெடுப்பது இதனினும் வேறானது. இங்குப் பார்க்கப்படுவது கூறின் நிரலன்று, கருனியின் சார்புகளுக்கு வரும் வேண்டுகோள்களே. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999-இல் செய்யப்பட்ட திருத்தம், 52-ஆம் பிரிவில் இதற்குத் தொடர்புடைய விலக்குகளைச் சேர்த்தது. கணினி நிரலொன்றை அது வழங்கப்பட்ட பணிக்காக இயக்கும்போது, அதன் அடிப்படைக் கருத்துகளையும் கோட்பாடுகளையும் அறிவதற்காக அதன் செயல்பாட்டைக் கவனித்தல், ஆராய்தல், சோதித்தல் ஆகியவை பதிப்புரிமை மீறல் ஆகா என அவற்றுள் ஒன்று கூறுகிறது.

முக்கியத்துவம்

சென்னையில் உள்ள சி-டாக் மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் போன்ற வழங்கல்கள் கட்டற்ற மென்பொருளைப் பொது நிறுவனங்களுக்குக் கொண்டுசெல்லும் நோக்குடையவை. ஆயினும் வன்பொருளுக்கான இயக்கி மூடியதாக இருப்பின், கட்டற்ற கருனியின் நம்பகத்தன்மை அந்த ஒரு கூறினைச் சார்ந்ததாகிவிடுகிறது. கசிவைத் திருத்தும் உரிமையைத் தடமறிதல் பயனருக்குத் தருவதில்லை. கசிவது எவ்விடம், எவ்வளவு, எப்பணியின்போது என்பதை எண்களுடன் நிறுவும் ஆற்றலை மட்டுமே தருகிறது. இயக்கியை உருவாக்கியவரிடம் திருத்தம் கோரவும், அதுவரை அக்கூறினைத் தவிர்ப்பதா அல்லது குறித்த காலத்தில் மறுதொடக்கம் செய்வதா என முடிவெடுக்கவும் அச்சான்று உதவுகிறது. கருனியும் மூடியதாக இருந்தால், அதனை உருவாக்கிய நிறுவனம் தரும் கருவிகள் காட்டும் அளவுக்கு மட்டுமே பயனர் பார்க்க முடியும்.

இவற்றையும் பார்க்கவும்

லினக்ஸ் கருனி
நினைவக மேலாண்மை
நினைவகக் கசிவு
சாதன இயக்கி
கட்டற்ற மென்பொருள்
வழுநீக்கம்